ஒரே நம்பரில் ஏழு ஊடு

1

ஏற்காட்டு மலைக் கிராமமான செம்மநத்தத்தில் ஆறு வீட்டு ஆரஞ்சு பாதையோரம் கிடக்கிறது என்ற செய்தி, போர்த்துகலின் போர்த்தோ நகரத்தில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. குளிர்காலத்தில் இங்கே காலை ஏழு என்றால் ஏற்காட்டில் பகல் பன்னிரண்டரை. நான் எழும்போது அங்கே நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். எட்டு வருடமாக என் காலைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

குரல் செய்தி அனுப்பியவள் என் தங்கை நூர்ஜகான். நாகலூரில் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள்.

"அண்ணா, என்ன பண்ணி வச்சே நீ? வண்டி வேலுச்சாமியண்ணன் ஊட்டோட திரும்பிருச்சு. டிரைவரைக் கேட்டா போன்ல ஒரே ஸ்டாப்புதான் காட்டுச்சுங்கறான். நம்ம பழனியா இருந்திருந்தா போனைப் பாக்காமயே ஏழு ஊட்டுக்கும் போயிருப்பான். அவன் கல்யாணத்துக்குப் போயிட்டான், இவன் புதுசு. பாப்பாத்தியக்கா விடியறதுல இருந்து பனில கூடையோட நின்னுருக்குது. எந்திரிச்சதும் கூப்பிடு."

விஷயம் இதுதான். சேலத்து அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் மலைப்பழம் வாங்க நான் ஒரு சைட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் அவர்கள் ஆர்டர் போட, வியாழக்கிழமை காலையில் நூர்ஜகானின் வாடகை வண்டி செம்மநத்தத்துக்குப் போய் வீடு வீடாக நின்று கூடைகளை ஏற்றி வரும். அதற்கு முன்பு சனிக்கிழமைதோறும் கீழே இருந்து ஒரு வியாபாரி வருவார். அவர் சொன்னதுதான் விலை. இரண்டு வருடம் நடையாய் நடந்து, ஏழு வீட்டை அவரிடமிருந்து பிரித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தவள் நூர்ஜகான். அந்த ஏழு வீடும் அவள் வாக்கை நம்பி வந்தவை. நான் எழுதிய கம்ப்யூட்டர் கோடை நம்பி யாரும் வரவில்லை.

பல் துலக்கிய கையோடு லேப்டாப்பைத் திறந்தேன்.

2

நான் பத்தாவதோடு நின்றவன். தேர்வு எழுதினேன், தேறவில்லை, மறுபடி எழுதவில்லை. சேலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்கள் இல்லாத நேரத்தில் ஏதாவது ஒரு சைட்டைத் திறந்து, அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். எந்த சைட்டானாலும் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் அதன் குடல் தெரியும். இங்கிலீஷ் அரைகுறை. எந்த வரியை அழித்தால் எது காணாமல் போகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் தொழில் கற்றேன்.

பிறகு திருப்பூர், பெங்களூர், மஸ்கட்டில் பேனர் அடிக்கும் கடை. போர்த்துகலுக்கு வந்தது தெற்கே பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெரி பறிக்க. முள் பழகிவிடும். கூடாரத்துக்குள் இருக்கும் புழுக்கம் பழகவில்லை. அங்கே கூட வேலை செய்தவர்கள் முக்கால்வாசி பெண்கள். போர்த்துகீஸில் நன்றிக்கு ஆண் சொல்லும் சொல் வேறு, பெண் சொல்லும் சொல் வேறு. அவர்களிடம் கேட்டுக் கேட்டு நன்றி சொல்லப் பழகியதால், பெண்கள் சொல்லும் விதத்திலேயே ஒரு வருடம் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை, சிரித்துக்கொண்டார்கள்.

மூடி உடைந்த பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, ஒரு நேபாளியின் சாப்பாட்டுக் கடைக்கு சைட் செய்து கொடுத்தேன். அங்கே சாப்பிட வந்த ஒருவர் அதைப் பார்த்து, போர்த்தோவில் உள்ள தன் சின்ன கம்பெனிக்குக் கூப்பிட்டார். சான்றிதழ் கேட்கவில்லை. செய்ததைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

இத்தனை ஊரிலும் என்கூட வந்தவை இரண்டு. ஒன்று, கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக, கோடு எழுதுகிற ஒரு எடிட்டர். அது எதையும் பரிந்துரைக்காது. தப்பாக எழுதினால் தப்பாகவே வைத்துக்கொள்ளும். இன்னொன்று ஒரு பழக்கம். எதைத் தொடுவதற்கு முன்பும் முழு ஃபோல்டரையும் நகல் எடுத்து, 'பழசு' என்று பெயர் வைத்து ஓரமாகப் போடுவேன். சேலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில், ஒரு வார வேலையைப் பறிகொடுத்த பிறகு வந்த பழக்கம். இன்றைக்கு அதற்கு எத்தனையோ நாகரிகமான வழிகள் உண்டு. அவற்றையும் செய்வேன், 'பழசு'ம் போடுவேன்.

3

கம்பெனியில் எல்லோரும் ஏஐ வைத்துத்தான் எழுத வேண்டும் என்று சொல்லி ஒரு வருடம் இருக்கும். என் பக்கத்து மேசை ரூயி, ஐம்பதைத் தாண்டியவர், கடைசி வரை முரண்டு பிடித்தார். எனக்கு இங்கே அடையாள அட்டையில் பெயர் சலீம் சலீம். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்தான் இருக்கிறது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அவர்கள் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது என்பதால், அரசு அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மா அதே பெயரை இரண்டு கட்டத்திலும் அடித்துவிட்டார். ரூயிக்குக் கேலி செய்ய அது போதும்.

"சலீம் சலீம், உன் கறுப்பு எடிட்டருக்கு அஞ்சலிக் கூட்டம் எப்போது? நான் பூ வாங்கி வர வேண்டும்."

"உங்களுக்கும் சேர்த்து வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்."

"எனக்கு வேண்டாம். நான் ஓய்வு பெறுகிற வரை அந்த மிஷின் என்னைத் தேடாமல் இருந்தால் சரி."

நான் முரண்டு பிடிக்கவில்லை. வந்த முதல் வாரம் மட்டும் மனசு சரியில்லாமல் இருந்தது. பத்து வருடம் ராத்திரி பகலாகத் தடவித் தடவிக் கற்றதை அது டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில், எங்கே படித்தாய் என்று கேட்காமல் என் சந்தேகத்துக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான். ஒரே கேள்வியை நாலு முறை கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை.

வீட்டிலும் அது வந்துவிட்டது. என் மகள் சஃபாவுக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், எழுத வராது. பெருநாள் வாழ்த்தை ஏஐயிடம் சொல்லித் தமிழாக்கி நூர்ஜகானுக்கு அனுப்பியிருக்கிறாள். 'மதிப்பிற்குரிய மாமி அவர்களுக்கு, தங்கள் நலம் அறிய ஆவலாக உள்ளேன்' என்று தொடங்கி ஒரு பக்கம்.

"அண்ணா, உம் புள்ள தாசில்தாராட்டம் எழுதியிருக்குது," என்றாள் நூர்ஜகான். "படிச்சதும் எந்திரிச்சு நின்னுட்டேன்."

நானும் சிரித்தேன். அடுத்த வாரத்திலிருந்து, தப்போ சரியோ மாமிக்குக் குரல் செய்திதான் அனுப்ப வேண்டும் என்று சஃபாவிடம் சொல்லிவிட்டேன். அனுப்புகிறாள். பாதி போர்த்துகீஸ், மீதி தமிழ். நூர்ஜகான் புரிந்த மாதிரி பதில் போடுகிறாள்.

இதற்கிடையில் பழ சைட்டை இணையத்தில் வைத்திருக்கும் சர்வர்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. நான் எழுதியிருந்த பழைய முறையை இனி அவர்கள் ஏற்க மாட்டார்களாம், புதுசுக்கு மாற்றாவிட்டால் சைட் நின்றுவிடும். நான் ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு வந்த வேலை அது. தனி ஆளாக உட்கார்ந்தால் இரண்டு மாதத்துக்குக் குறையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏஐயிடம் கொடுத்தேன். சஃபாவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. என்னென்ன செய்தது என்று சுருக்கமாகச் சொன்னது. அதில் ஒரு வரி: ஒரே தொலைபேசி எண்ணில் பதிவாகியிருந்த நகல் கணக்குகளை ஒன்றாக இணைத்தேன், தரவு இப்போது சீராக உள்ளது.

படித்தேன். நகல் என்றால் இருக்கக் கூடாததுதானே என்று நினைத்தேன். சரி என்று அழுத்தினேன்.

4

செம்மநத்தத்தில் எல்லோரிடமும் போன் இருக்கிறது. சிக்னல் இருப்பது வேலுச்சாமி அண்ணன் வீட்டில்தான். அவர் வீடு வளைவில், கொஞ்சம் மேடாக, மரம் மறைக்காத இடத்தில் இருக்கிறது. மற்ற வீடுகள் பள்ளத்திலும் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலும் இருக்கின்றன. அதனால் ரேஷன் கடையோ, பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ, யார் நம்பர் கேட்டாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் வேலுச்சாமி அண்ணன் நம்பரைத்தான் கொடுப்பார்கள். போன் வந்தால் அவரோ அவர் வீட்டம்மாவோ ஒரு சத்தம் கொடுப்பார்கள்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் கடையிலேயே அந்தக் காலத்தில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. நாகலூர் எஸ்டேட் ஆட்கள் பாதிப் பேருக்கு அதுதான் நம்பர். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்த செய்தி அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்பு எங்கள் அத்தாவுக்குத் தெரியும். எங்களுக்கு போன் நம்பர் என்பது ஆளுடையது இல்லை, மணி அடிக்கிற இடத்துடையது. அதனால்தான் சைட்டை முதலில் எழுதும்போது, நம்பர் ஒன்றாக இருந்தாலும் வீட்டுப் பெயர் வேறாக இருந்தால் வேறு வேறு கணக்கு என்று யோசிக்காமலே எழுதினேன். ஏன் அப்படி என்று ஒரு வரி குறிப்புகூடப் போடவில்லை. எனக்கு நானே எதற்கு விளக்கம் எழுதிக்கொள்வது?

படித்தவர்கள் எழுதிய லட்சக்கணக்கான கோடைப் பார்த்துக் கற்றது அந்த ஏஐ. அந்தக் கோடெல்லாம் ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள் என்றே இருந்திருக்கும். ஏழு வீட்டையும் வேலுச்சாமி அண்ணன் பெயரில் சேர்த்து, ஒரே ஸ்டாப்பாக டிரைவருக்குக் காட்டியிருக்கிறது. அண்ணன் காப்பிக்காட்டில் இருந்திருக்கிறார். அவர் வீட்டம்மா தங்கள் இரண்டு கூடையை ஏற்றிவிட்டு, "மத்த ஊட்டுக்குப் போவலீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "போன்ல இல்லீங்கம்மா" என்று புது டிரைவர் திரும்பிவிட்டார்.

'பழசு' ஃபோல்டர் இருந்தது. அதிலிருந்து ஏழு வீட்டையும் மீட்டு வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கம்பெனியில் ரூயியிடம் சொன்னேன். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது.

"நான் சொன்னேனா இல்லையா? தூக்கி எறி. பழைய கோடையே திரும்பப் போடு."

"பழைய கோடை சர்வர் ஏற்காது, ரூயி. போட்டாலும் சைட் நின்றுவிடும்."

"அப்படியானால் கையால் எழுது."

"எழுதலாம். அதற்குள் ஆரஞ்சு முடிந்து, ஏழு வீடும் போய்விடும்."

அவர் தன் திரைக்குத் திரும்பினார். மத்தியானம் நூர்ஜகானைக் கூப்பிட்டேன். அவளே ஒரு ஜீப் பிடித்துச் செம்மநத்தம் போய், கிடந்த கூடைகளை ஏற்றி வந்து, நாகலூர் கடைவாசலில் டூரிஸ்டுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தாள்.

"பழம் போயிருச்சுன்னு அவங்க கோவப்படலண்ணா," என்றாள். "நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்களேன்னு நெனச்சுட்டாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. நீயே பேசு."

5

ஞாயிறு பகல், சாப்பாட்டுக்கு முன்பு, வேலுச்சாமி அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே பொழுது சாய்கிற நேரம். வாசலில் ஏழு வீட்டு ஆட்களும் இருந்தார்கள்.

"வாங்க தம்பி," என்றார் அண்ணன். "ஏழு ஊட்டுப் பழமும் எம்பேர்ல வந்துருச்சுன்னாங்க. நொம்ப சந்தோசமுங்க. மரத்தையும் ஒரு பட்டனத் தட்டி இந்தப் பக்கம் நவுத்திட்டீங்கன்னா நல்லாருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பாத்தி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போன் அவர் கைக்குப் போனது.

"ஏனுங்க தம்பி, உங்க மிசினுக்கு எங்க ஊடு தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க அக்கா. நான் சொல்லித் தரலைங்க."

"எத்தனாவது படிச்சிருக்குதுங்க அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பள்ளத்தூட்டுச் சின்னப்பன். அந்தப் பக்கத்தில் இன்னும் சனிக்கிழமை வியாபாரிக்கே பழம் போடுகிற எட்டாவது வீடு அவருடையது. "எனக்கு உங்க கம்ப்யூட்டர் ஏவாரம் வேண்டாமுங்க. வேடிக்கை பாக்கத்தான் வந்தேன்."

"எல்லாமே படிச்சிருக்குதுங்க. செம்மநத்தம் மட்டும் படிக்கலைங்க."

"அப்பச் சொல்லிக் குடுங்க," என்றார் பாப்பாத்தி அக்கா. "பாய் ஊட்டுப் புள்ள சொல்லுச்சுன்னுதான் நாங்க வந்தோம். வர்ற வியாழக்கெழம பாப்போமுங்க. வண்டி எல்லா ஊட்டுக்கும் வரோணும். வல்லீன்னா சனிக்கெழம பழைய ஏவாரிகிட்டயே போட்டுருவோம். வெலை கம்மிதானுங்க. ஆனா அவரு வந்து நிப்பாரு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சரிங்க அக்கா என்றேன். பிறகு, எங்கள் மிஷினுக்கு என்னென்ன தெரிய வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

போன் கை மாறி மாறிச் சுற்றியது. ஊரில் சின்னப்பன் மூன்று பேர், அதனால் பேரை வைத்துத் தேடாதே, ஊட்டை வைத்துத் தேடு. மேலூட்டுக் கூடை பெரிசு, மற்றவர்களுடையது சின்னது. ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் பழம் பறிக்க மாட்டார்கள், கணக்கு வேறு வேறாக இருந்தாலும் எல்லா வீட்டுக்கும் சேர்த்து நிறுத்தி வை. வேலுச்சாமி அண்ணன் ஊரில் இல்லையென்றால் போனை அவர் வீட்டம்மா எடுப்பார், ஆனால் படிக்கத் தெரியாது, அதனால் செய்தி அனுப்பாதே, கூப்பிடு.

சஃபா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "அவர்கள் ஏன் ஆளுக்கொரு நம்பர் கொடுக்கக் கூடாது?" என்று போர்த்துகீஸில் கேட்டாள்.

"கொடுக்கலாம். மணி அடித்தால் யாருக்கும் கேட்காது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியானால் ஒரே நம்பர்தான் சரி," என்றாள். அவளுக்கு அது ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. சொன்னால் விளங்கும் விஷயம்தான். நான் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

6

அன்றைக்கே உட்கார்ந்தேன். முதலில் கறுப்பு எடிட்டரைத் திறந்து, சைட்டின் ஃபோல்டருக்குள் ஒரு குறிப்பு எழுதினேன். தமிழிலேயே, அவர்கள் சொன்ன மாதிரியே. முதல் வரி: ஒரே நம்பரில் பல ஊடு இருக்கும், அது தப்பில்லை, சேர்க்காதே. அதன் கீழே மற்றவை. எந்த வேலையைத் தொடுவதற்கு முன்பும் இதைப் படி என்று ஏஐக்கு உத்தரவு. பிறகு அதனிடம், கோடை மாற்றாதே, முதலில் சோதனைகளை எழுது என்றேன். ஒரே நம்பரில் ஏழு வீட்டைப் பதிவு செய், ஏழு ஸ்டாப் வருகிறதா பார். ஆறு வந்தாலும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், சைட் மாறக் கூடாது.

எழுதியது. எழுதிவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. ஏழு வீட்டுக்கும் ஒரே எண்ணுக்குத்தான் ஆர்டர் செய்தி போகிறது, அதில் வீட்டுப் பெயர் இல்லையே, படிப்பவருக்கு யாருடைய ஆர்டர் என்று எப்படித் தெரியும்?

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். நான் கையால் எழுதிய பழைய கோடிலும் அது இல்லை. இரண்டு வருடமாக வேலுச்சாமி அண்ணன் 'உங்கள் பழத்துக்கு ஆர்டர் வந்துள்ளது' என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் நூர்ஜகானைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் அதை ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. இப்போது ஒவ்வொரு செய்தியும் வீட்டுப் பெயரோடு தொடங்குகிறது.

திங்கட்கிழமை ரூயி வந்து திரையை எட்டிப் பார்த்தார். "இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாயா?"

"விடப் போவதில்லை. சொல்லிக் கொடுத்தபடி இருக்கப் போகிறேன். ஆனால் இனி அது சுருக்கிச் சொல்வதைப் படித்துச் சரி என்று அழுத்த மாட்டேன். என்ன மாற்றியது என்று வரி வரியாகப் பார்ப்பேன்."

"அப்படியானால் உனக்கு என்ன மிச்சம்?"

"நீங்கள் சொன்னபடி கையால் எழுதினால் ஆகும் இரண்டு மாதத்தில் முக்கால்வாசி மிச்சம். மீதிதான் என் வேலை."

அவர் தமிழ்க் குறிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் படிக்கிறதா அந்த மிஷின்?"

"படிக்கிறது."

"எனக்குக்கூட ஒரு எழுத்து புரியவில்லை," என்று சொல்லிவிட்டு, மேசைக்குப் போய்த் தன் பழைய சைட் ஒன்றின் வழக்கங்களைப் போர்த்துகீஸில் எழுதத் தொடங்கினார்.

புதன்கிழமை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க அரசு அலுவலகம். டோக்கன் வாங்கி, மழைக்கோட்டு சொட்டச் சொட்டக் காத்திருந்தேன். கவுண்டரில் ஒரு புது ஆள். சலீம் சலீம் என்பதைப் பார்த்து, "இது நகலாக விழுந்திருக்கிறது, இரண்டாவதை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். எடுத்தால் உங்கள் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றேன். முயன்று பார்த்தார். போகவில்லை. என்னைப் பார்த்து, வேறு யாரையோ திட்டிக்கொண்டே, இரண்டாவது சலீமைத் திரும்ப அடித்தார்.

அவர் கேட்டுவிட்டு எடுத்தார். அது நல்ல வழக்கம். அன்று மாலை என் குறிப்பில் ஒரு வரி கூட்டினேன்: நகல் போலத் தெரிந்தால் நீயாக அழிக்காதே, கேள்.

7

வியாழக்கிழமை காலை எழுந்ததும் போனைப் பார்த்தேன். நூர்ஜகானிடமிருந்து ஒன்றும் இல்லை. வண்டியில் போயிருந்தால் சிக்னல் இருக்காது. டிரைவரும் அதே புது ஆள்தான், பழனி இன்னும் திரும்பவில்லை. சஃபாவைப் பள்ளியில் விட்டேன். வாசலில் அவள் தோழிகளைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டு ஓடினாள். மழையில் பஸ் பிடித்துக் கம்பெனிக்கு வந்தேன். வேலை ஓடவில்லை என்று சொல்ல முடியாது. ஓடியது, அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேல் நூர்ஜகானின் குரல் வந்தது. பின்னால் வண்டிச் சத்தம்.

"ஏழு ஊடும் காலைலயே ஏத்தியாச்சுண்ணா, இப்பத்தான் பேச நேரம் கெடச்சுது. பாப்பாத்தியக்கா இன்னிக்கும் விடியறதுக்கு முன்னாலயே வந்து நின்னுச்சு. வண்டிய நிறுத்துனதும் டிரைவர்கிட்ட, 'எங்க ஊட்டுப் பேரு என்னன்னு உங்க போனப் பாத்துச் சொல்லு சாமி'ன்னு கேட்டுச்சு. அவன் 'மேலூடு'ன்னான். அப்புறந்தான் கூடையத் தொடவே விட்டுச்சு. சரி, வெக்கறேன், வளைவு வருது."

திரும்ப ஒருமுறை போட்டுக் கேட்டேன். பிறகு வேலையைப் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சைட்டிலிருந்து ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. ஏஐ என்னைக் கேட்டிருந்தது: புதிதாக ஒரு பதிவு, ஏற்கனவே உள்ள எண்ணில், குறிப்பின்படி நான் இணைக்கவில்லை, தனி வீடாக ஏற்கலாமா?

திறந்து பார்த்தேன். பள்ளத்தூடு, சின்னப்பன். ஆரஞ்சு, மூன்று கூடை, அடுத்த வியாழன். போன் நம்பர், வேலுச்சாமி அண்ணனுடையது.

ஏற்கலாம் என்று அழுத்தினேன்.